'தி டிவைனர்ஸ்' நான்கு நாவல்களையும் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

1926, நியூயார்க். வசதியான ஒரு வீட்டில் பிறந்தநாள் விருந்து. நாடு முழுக்க மதுவிலக்கு அமலில் இருக்கிறது, ஆனாலும் எல்லோர் கையிலும் கோப்பை. பொழுது போகாத இளசுகள், ஆவிகளோடு பேசலாம் என்று நம்பப்படும் எழுத்துப் பலகையான ஓஜா பலகையை நடுவில் வைத்து விளையாட உட்காருகிறார்கள். ஏதோ ஒன்று வந்து பதில் சொல்ல ஆரம்பிக்கிறது. பயந்துபோய்ப் பாதியிலேயே எழுந்துவிடுகிறார்கள். வந்ததை முறைப்படி வழியனுப்பி வைக்க வேண்டும் என்பதை யாரும் செய்யவில்லை.

லிப்பா ப்ரே எழுதிய 'தி டிவைனர்ஸ்' தொடர் இப்படித்தான் தொடங்குகிறது. பதின்பருவத்தினருக்கான வரலாற்று மாயக்கதை என்று புத்தகக் கடைகளில் வகைப்படுத்துவார்கள். விசேஷ சக்தி கொண்ட சில இளைஞர்கள், அவர்களைத் துரத்தும் ஆவிகள், பின்னணியில் ஜாஸ் இசை. மேலோட்டமாகச் சொன்னால் அவ்வளவுதான். ஆனால் இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். விறுவிறுப்பான பேய்க்கதையாக மட்டும் படித்து முடிக்கலாம். அந்தக் காலத்து அமெரிக்காவில் நிஜமாகவே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டே படிக்கலாம். இரண்டாவது வழியில்தான் இந்த நாவல்கள் முழுசாகத் திறக்கின்றன. அந்த வழியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தடவை நான் நூற்றிருபது பக்கம் படித்துவிட்டு நிறுத்திவிட்டேன். பெயர்கள் அதிகம். ஊர் தெரியாது, காலம் தெரியாது, பேச்சுமொழி பிடிபடவில்லை. இரண்டு வருடம் கழித்து அக்கா மகள் அதே புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். பத்து பக்கத்துக்கு ஒருமுறை, "சித்தி, இது நிஜமாவே நடந்ததா, கதைக்காகச் சொல்றாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பதில் தேடப் போய்த்தான் எனக்குப் படிக்கும் முறையே கிடைத்தது. கீழே இருப்பது நாங்கள் இருவரும் சேர்ந்து உருவாக்கிய முறை.

படி 1: வரிசையை மாற்றாதீர்கள்

நான்கு நாவல்கள். 'தி டிவைனர்ஸ்' 2012இல் வந்தது, 'லேர் ஆஃப் ட்ரீம்ஸ்' 2015இல், 'பிஃபோர் தி டெவில் பிரேக்ஸ் யூ' 2017இல், 'தி கிங் ஆஃப் க்ரோஸ்' 2020இல். இதே வரிசையில்தான் படிக்க வேண்டும். ஒவ்வொரு நாவலிலும் தனியாக ஒரு மர்மம் முடிவுக்கு வரும், ஆனால் அதன் அடியில் ஓடும் பெரிய மர்மம் நான்காவதில்தான் முடிகிறது. நடுவில் ஒன்று கிடைத்தது என்று அதிலிருந்து தொடங்கினால், யார் யாருக்கு எதை மறைக்கிறார்கள் என்பதே விளங்காது.

ஒவ்வொன்றும் 500 பக்கத்தைத் தாண்டும். நான்கும் சேர்ந்து 2,000 பக்கங்களுக்கு மேல். தினமும் 25 பக்கம் என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதம் ஆகும். பள்ளி, வேலை என்று இருப்பவர்களுக்கு இந்த வேகம் போதும். ஒரே வாரத்தில் முடித்துவிட வேண்டும் என்று நினைத்தால், மெதுவாகக் கட்டப்படும் பயம் கையில் அகப்படாது.

படி 2: முதல் பக்கத்தைத் திறப்பதற்கு முன் ஒரு மாலைப்பொழுது

புத்தகத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் 1920களின் அமெரிக்காவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பரீட்சைக்குப் படிப்பது போல வேண்டாம். ஒரு மாலை நேரம் போதும். எதையெல்லாம் தெரிந்துகொண்டால் கதையில் பலன் தரும் என்று சொல்கிறேன்.

முதலில் மதுவிலக்கு. 1920 ஜனவரியில் தொடங்கி 1933 டிசம்பர் வரை அமெரிக்கா முழுவதும் மது தயாரிப்பதும் விற்பதும் சட்டவிரோதம். விளைவு, ரகசிய மதுக்கூடங்கள் பெருகின. கதாபாத்திரங்கள் கதவைத் தட்டிக் கடவுச்சொல் சொல்லி உள்ளே நுழையும் காட்சிகள் நிறைய வரும். அந்தக் கொண்டாட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தொழிற்சாலைச் சாராயத்தை யாரும் குடித்துவிடக் கூடாது என்று அரசே அதில் மெத்தனால் போன்ற விஷப் பொருள்களைக் கலக்க வைத்தது. 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க்கில் அதைக் குடித்துப் பலர் செத்தார்கள். மெத்தனால் என்ற சொல் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நாயகி ஈவி ஒவ்வொரு முறை கோப்பையைத் தூக்கும்போதும் இது நினைவில் இருந்தால், அந்தக் காட்சியின் சிரிப்பு வேறு மாதிரி கேட்கும்.

அடுத்து, சாவு. முதல் உலகப்போரில் அமெரிக்கா 1917இல் இறங்கியது. 1918இல் இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய் வந்தது. ஒரு தலைமுறையே வீட்டில் ஒரு காலி நாற்காலியோடு வாழ்ந்தது. இறந்தவர்களோடு பேச முடியும் என்ற நம்பிக்கை அங்கே 1848இலேயே தொடங்கியிருந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் கிராமத்தில் ஃபாக்ஸ் சகோதரிகள் ஆவி தட்டும் சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள், அது ஒரு இயக்கமாகவே பரவியது. ஓஜா பலகைக்கு 1891இல் காப்புரிமையே வாங்கிவிட்டார்கள். போருக்குப் பிறகு இதெல்லாம் மறுபடி பற்றிக்கொண்டது. ஹூடினி போன்ற மாயவித்தைக்காரர்கள் போலி ஆவிப் பேச்சாளர்களை அம்பலப்படுத்திக்கொண்டே அலைந்தார்கள். ஹூடினி 1926 அக்டோபர் 31 அன்று இறந்தார், அதாவது கதை நடக்கும் அதே வருடத்தில். ஈவியின் அண்ணன் ஜேம்ஸ் போரில் இறந்தவன். அவள் ஏன் இரவில் தூங்க மாட்டேன் என்கிறாள், ஏன் இவ்வளவு சத்தமாக வாழ்கிறாள் என்பதற்கெல்லாம் விடை அந்தக் காலி நாற்காலியில் இருக்கிறது.

வானொலி ஒரு புதிய அதிசயம். பிட்ஸ்பர்க்கின் கேடிகேஏ நிலையம் 1920 நவம்பரில் தேர்தல் முடிவை ஒலிபரப்பியது. 1926இல் என்பிசி என்ற வலையமைப்பே உருவாகிவிட்டது. காற்றில் குரல் வருவதையே நம்பிவிட்ட மக்களுக்கு, ஆவியின் குரல் வருவதை நம்புவது பெரிய தூரம் இல்லை. இரண்டாவது நாவலில் வானொலிக்குப் பெரிய இடம் இருக்கிறது.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். தென்மாநிலங்களின் கொடுமையிலிருந்து தப்பி லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே வந்தார்கள். அவர்களில் பலர் ஹார்லெமில் குடியேற, அங்கே கவிதையும் இசையும் ஓவியமும் ஒரே சமயத்தில் பூத்தன. 135ஆம் தெருவில் இருந்த பொது நூலகம் அந்த எழுச்சியின் நடுமையம். ஆர்டூரோ ஷாம்பர்க் சேர்த்து வைத்த பெரும் தொகுப்பை அந்த நூலகத்துக்காக 1926இல்தான் வாங்கினார்கள். கதையில் வரும் மெம்ஃபிஸ் கேம்ப்பெல் கவிஞனாக ஆசைப்படுகிறவன். வயிற்றுப்பாட்டுக்கு நம்பர் சீட்டு எழுதுகிறான். மூன்று இலக்க எண்ணில் சில்லறைக் காசைக் கட்டும் சட்டவிரோதச் சூதாட்டம் அது. நம்மூரில் மூணு நம்பர் லாட்டரி தெரிந்தவர்களுக்கு அவன் தெருத்தெருவாகப் போகும் காட்சிகள் உடனே பிடிபடும்.

படி 3: இரண்டு விஷயங்களை மட்டும் நிதானமாகப் படியுங்கள்

இதைத் தனிப்படியாக வைக்கக் காரணம் உண்டு. இந்தத் தொடரில் வரும் ஆவிகளைவிட அதிகமாக என்னை உலுக்கியவை கீழே சொல்லும் இரண்டு விஷயங்கள்தான். இரண்டும் கற்பனை கிடையாது.

ஒன்று, யார் அமெரிக்கர் என்று தீர்மானித்த சட்டங்கள். 1875இல் வந்த பேஜ் சட்டம் சீனப் பெண்கள் வருவதை ஏறக்குறைய நிறுத்தியது. 1882இல் வந்த சீன விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்களுக்குக் கதவை அடைத்தது. அது 1943 வரை நீடித்தது. 1924இல் வந்த குடியேற்றச் சட்டம் தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களின் எண்ணிக்கையைக் கடுமையாகக் குறைத்து, ஆசியர்களை முற்றிலுமாக ஒதுக்கியது. இதில் நம் ஆட்களும் உண்டு. பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபிக்காரர் முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்திலேயே பணியாற்றியவர். இருந்தும் 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியர்கள் 'வெள்ளையர்' என்ற சொல்லுக்குள் வரமாட்டார்கள், ஆகவே குடியுரிமை கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அதைப் பிடுங்க வழக்குப் போட்டார்கள். இந்தத் தொடரில் இந்தியக் கதாபாத்திரம் முக்கிய இடத்தில் இல்லை. ஆனாலும் லிங் சான் என்ற பெண் சைனாடவுன் தெருவில் நடக்கும்போது அவள் மேல் விழும் பார்வை, அந்தத் தீர்ப்பு நம்மைப் பார்த்த அதே பார்வைதான்.

இரண்டாவது, யூஜெனிக்ஸ். நல்ல ரத்தம் உள்ளவர்கள் அதிகம் பெற வேண்டும், 'தரமற்றவர்கள்' பெறவே கூடாது என்ற கொள்கை. இன்று இதைச் சொன்னால் ஏதோ மூலையில் இருந்த வெறியர்களின் உளறல் என்று தோன்றும். அன்று அது கல்லூரிப் பாடம். ஊர்ச் சந்தைகளில் ஆடு மாடுகளுக்குப் பரிசு கொடுப்பது போல, 'தகுதி மிக்க குடும்பம்' என்று மனிதர்களுக்கும் போட்டி வைத்துப் பதக்கம் கொடுத்தார்கள். 1920இல் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா சந்தையில் இது தொடங்கியது. இந்தச் சந்தைக் கூடாரம் நாவலில் வரும்போது ஆசிரியர் இட்டுக்கட்டினார் என்று நினைத்துவிடாதீர்கள்.

அதன் இன்னொரு முனையில் கேரி பக் என்ற வர்ஜீனியா பெண் இருக்கிறார். வளர்ப்புக் குடும்பத்தின் உறவினன் ஒருவனால் வல்லுறவுக்கு ஆளாகிக் கர்ப்பமானவர். அவரை 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று முத்திரை குத்திக் காப்பகத்தில் அடைத்தார்கள். அவருடைய தாயும் அங்கேதான் இருந்தார். கைக்குழந்தையாக இருந்த மகளுக்கும் அதே முத்திரை. இந்தப் பெண்ணுக்கு வலுக்கட்டாயமாகக் கருத்தடை செய்யலாமா என்ற வழக்கில், 1927 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், செய்யலாம் என்றது. 'மூன்று தலைமுறை மூடர்கள் போதும்' என்று எழுதினார் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். அந்த மகள் பின்னாளில் பள்ளியில் நன்றாகப் படித்தாள், எட்டு வயதில் நோயில் இறந்துபோனாள். இதுபோன்ற கட்டாயக் கருத்தடைச் சட்டங்களின் பேரில் அமெரிக்காவில் 60,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை செய்யப்பட்டது.

நான்கு நாவல்களும் விசேஷ சக்தி உள்ளவர்கள் எங்கிருந்து வந்தார்கள், அவர்களை யார் விரும்புகிறார்கள், யார் வெறுக்கிறார்கள் என்ற கேள்வியைச் சுற்றித்தான் நகர்கின்றன. 'மேம்பட்ட மனிதன்' என்ற சொல் முதல் முறை கதையில் கண்ணில் படும்போது, கேரி பக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கதையின் முதுகெலும்பு அங்கே இருக்கிறது.

படி 4: ஒரு நோட்டு, இரண்டு பத்தி

சாதாரண நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்தின் நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் 'கதை', வலப்பக்கம் 'நிஜம்' என்று எழுதுங்கள். படிக்கும்போது சந்தேகம் வரும் எதையும் இடப்பக்கம் குறித்து வையுங்கள். உடனே போனை எடுத்துத் தேடாதீர்கள். அத்தியாயம் முடிந்ததும் மொத்தமாகத் தேடி வலப்பக்கம் ஒரு வரி எழுதுங்கள். நடுவில் தேடினால் கதையின் பிடி விட்டுப்போகும். அதோடு, தேடும்போது பின்னால் வரும் திருப்பங்களும் கண்ணில் பட்டுவிடும். கதாபாத்திரங்களின் பெயரை இணையத்தில் தேடவே வேண்டாம். இடம், சட்டம், வருடம், பொருள் இவற்றை மட்டும் தேடுங்கள்.

எங்கள் நோட்டிலிருந்து சில வரிகள். இடப்பக்கம் 'ஸீக்ஃபெல்ட் நாட்டியக்காரி' என்று இருந்தது, வலப்பக்கம் 'நிஜம், 1907இல் தொடங்கிய மேடை நிகழ்ச்சி, பிராட்வே' என்று எழுதினோம். இடப்பக்கம் 'ஒஹையோவின் ஜெனித் ஊர்', வலப்பக்கம் 'கற்பனை'. இடப்பக்கம் 'தூங்கினால் எழுந்திருக்காத நோய்', வலப்பக்கம் நாங்கள் எதிர்பார்க்காத 'நிஜம்'. அந்த மூன்றாவது வரியை எழுதிய அன்று அக்கா மகள் விளக்கை அணைக்க விடவில்லை.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தை ஆட்களுக்காக ஒதுக்குங்கள். ஆரம்பத்தில் இவ்வளவு தெரிந்தால் போதும்: ஈவி ஓநீல், 17 வயது, ஒரு பொருளைத் தொட்டால் அதன் சொந்தக்காரரின் ரகசியம் தெரியும். தன் ஊர் விருந்தில் அந்தச் சக்தியைக் காட்டப் போய் வம்பில் மாட்டியவள், அதனால் நியூயார்க்கில் இருக்கும் மாமா வில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். மாமா நடத்துவது அமானுஷ்யப் பொருள்களின் அருங்காட்சியகம். அவருடைய உதவியாளன் ஜெரிக்கோ, அமைதியானவன். ஈவியின் தோழி மேபல், தொழிலாளர் போராட்டக்காரர்களின் மகள். சாம் லாயிட், ஜேப்படிக்காரன், தாயைத் தேடிக்கொண்டிருப்பவன். மெம்ஃபிஸ், முன்பு தொட்டு நோய் தீர்த்தவன், தாய் இறந்த பிறகு அந்தக் கை வேலை செய்யவில்லை. அவனுடைய தம்பி ஐசாயா. மேடை நாட்டியக்காரி தீட்டா, அவளோடு அண்ணன் தங்கை போல ஒரே வீட்டில் இருக்கும் பியானோக்காரன் ஹென்றி. இதற்கு மேல் நான் சொன்னால் உங்கள் சந்தோஷத்தைப் பறித்தவளாவேன்.

அத்தியாயத்துக்கு அத்தியாயம் பார்வை மாறும். ஒருவரைப் பற்றி விறுவிறுப்பாகப் போகும்போது வெட்டி, இன்னொருவரிடம் போய்விடுவார் ஆசிரியர். நான் முதல் தடவை விட்டது இதனால்தான். கடைசிப் பக்கத்தில் ஆட்களின் பெயர் இருந்தால் அந்தத் தடுமாற்றம் இருக்காது.

படி 5: மொழிக்குப் பழகுங்கள்

ஈவி பேசும் ஆங்கிலம் 1920களின் இளவட்ட ஆங்கிலம். சொற்களை நீட்டுவாள், உடைப்பாள், இரண்டை ஒன்றாக ஒட்டுவாள். 'பாஸிட்டிவ்லி', 'அப்ஸல்யூட்லி' இரண்டையும் கலந்து புதுச் சொல் செய்வாள். முதல் ஐம்பது பக்கம் எரிச்சலாகக்கூட இருக்கலாம். அகராதியில் தேடாமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பொருள் தானாக வந்துவிடும். துக்கத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அவள் போட்டுக்கொண்ட அலங்காரம் அந்தப் பேச்சு. அவள் சாதாரணமாகப் பேசும் இடங்களைக் கவனியுங்கள். நாவலில் அவை மிகக் குறைவு, வரும் இடங்களில் எல்லாம் நெஞ்சு கனக்கும்.

ஆங்கிலத்தில் இவ்வளவு பெரிய புத்தகம் படித்துப் பழக்கமில்லை என்றால் ஒலிநூலைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி லவோய் வாசித்திருக்கிறார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக்குரல், ஹார்லெம் பேச்சு வேறு, நியூ ஆர்லியன்ஸ் பேச்சு வேறு. காதில் கேட்டுக்கொண்டே கண்ணால் பக்கத்தைப் பின்தொடர்ந்தால், தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இரண்டாவது வாரத்தில் வேகம் வந்துவிடும். அக்கா மகள் அப்படித்தான் படித்தாள்.

படி 6: முதல் நாவல், இரவில் வேண்டாம்

இதை நிஜமாகவே சொல்கிறேன். முதல் நாவலின் கொலைக்காட்சிகளைப் பகலில் படியுங்கள். ஓஜா பலகை வழியாக வெளியே வந்தவன் ஒரு பழைய வேலையை முடிக்கப் பார்க்கிறான். அவனுக்கென்று ஒரு சிறுவர் பாட்டு போன்ற பாட்டு இருக்கிறது, ஒரு தடவை படித்தால் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆனால் பயத்தைவிட ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். கொலையாகப் போகிறவர் யாராக இருந்தாலும், அவரை முதலில் ஆசிரியர் நமக்கு அறிமுகம் செய்துவைக்கிறார். போலந்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி நடனப் போட்டியில் ஆடிக் களைத்து வீட்டுக்குப் போகிறாள். அவள் என்ன கனவு கண்டாள், எந்தச் செருப்பை ஆசையாகப் போட்டிருந்தாள் என்றெல்லாம் தெரிந்த பிறகுதான் இருட்டு வருகிறது. மறுநாள் பத்திரிகைக்கு அவள் ஒரு பரபரப்புச் செய்தி. நமக்கு அவள் பெயர் தெரியும். நோட்டில் அந்தப் பெயர்களை எழுதி வையுங்கள்.

கொலைகாரனின் நம்பிக்கை ஒரு மதக்குழுவிலிருந்து வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் புதிய மதங்கள் அடுத்தடுத்து முளைத்தன. உலகம் 1844இல் முடியப்போகிறது என்று சொல்லிக் காத்திருந்த மில்லரைட்டுகள் அந்தப் பக்கத்தில் பெருகியவர்கள்தான். இது தெரிந்தால் நாவலில் வரும் கற்பனைக் குழு வானத்திலிருந்து குதித்தது போலத் தோன்றாது.

படி 7: இரண்டாவது நாவலில் வேகத்தைக் குறையுங்கள்

என் கணக்கில் நான்கிலும் இதுதான் மிகச் சிறந்தது. நிறைய பேர் இதை மெதுவாகப் போகிறது என்று தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள்.

கதை சைனாடவுனுக்கு நகர்கிறது. லிங் சான் இங்கேதான் வருகிறாள். அப்பா சீனர், அம்மா ஐரிஷ்காரர். இளம்பிள்ளைவாதத்தால் கால்களில் இரும்புக் கட்டு. கனவுக்குள் நடக்கக்கூடியவள், இறந்தவர்களிடம் கனவில் பேசிச் செய்தி கொண்டுவந்து தந்து காசு வாங்குகிறவள், அதே சமயம் அறிவியல்மேல் உயிராக இருப்பவள். ஹென்றியும் கனவில் நடப்பவன், நியூ ஆர்லியன்ஸில் தொலைந்துபோன தன் காதலன் லூயியைத் தேடுகிறான். இருவரும் கனவில் சந்திக்கிறார்கள். நட்பு இப்படியும் தொடங்கலாமா என்று இருக்கும்.

கதையில் தூக்க நோய் ஒன்று பரவுகிறது. தூங்கியவர்கள் எழுவதில்லை. ஊர் உடனே சைனாடவுனைக் கைகாட்டுகிறது. நிஜத்தில் 1910களின் நடுவிலிருந்து 1920களின் கடைசி வரை தூக்கமூளை அழற்சி என்ற நோய் உலகம் முழுக்கப் பரவி, காரணம் சரிவரத் தெரியாமலே அடங்கிப்போனது. நோயையும் அந்நியரையும் சேர்த்துக் கட்டும் வழக்கம் அங்கே பழையது. 1900இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிளேக் வந்தபோது சைனாடவுனைத்தான் கயிறு கட்டி அடைத்தார்கள். கொரோனா காலத்தைக் கடந்து வந்த நமக்கு இந்த அத்தியாயங்களைப் படிக்கும்போது பழைய நாளேடுகளைப் புரட்டுவது போல இருக்கும். நாவல் வந்தது அதற்கு ஐந்து வருடம் முன்னால்.

அப்புறம் அந்தச் சுரங்கம். பிராட்வே தெருவுக்கு அடியில் ஆல்ஃபிரட் பீச் என்பவர் 1870இல் காற்றழுத்தத்தால் ஓடும் ரயிலை அமைத்தார். ஒரே ஒரு பெட்டி, சுமார் 300 அடி நீளச் சுரங்கப் பாதை. காத்திருக்கும் அறையில் பியானோவும் நீரூற்றும் வைத்திருந்தார்கள். சில வருடத்தில் மூடிவிட்டு மறந்தும் போனார்கள். 1912இல் சுரங்க ரயில் வேலைக்காகத் தோண்டியவர்கள் அந்தக் குழாய்க்குள் நுழைந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு நாவலின் தொடக்கத்தைப் படியுங்கள். மேலே படி 3இல் பேஜ் சட்டத்தை நான் ஏன் சொன்னேன் என்பது இதன் கடைசிப் பகுதியில் புரியும்.

படி 8: மூன்றையும் நான்கையும் சேர்த்துப் படியுங்கள்

இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விடாதீர்கள். மூன்றாவது முடியும் இடத்தில் விட்டுவிட்டு வேறு புத்தகத்துக்குப் போக மனசு வராது.

மூன்றாவதில் வார்ட்ஸ் தீவின் மனநலக் காப்பகம் வருகிறது. மேன்ஹாட்டனுக்குக் கிழக்கே ஆற்றில் இருக்கும் அந்தத் தீவில் நிஜமாகவே பெரிய மாநில மருத்துவமனை இருந்தது. தெருவில் அரசியல் கொதிக்கிறது. சாக்கோ, வன்செட்டி என்ற இத்தாலியத் தொழிலாளர்கள் இருவரின் மரண தண்டனை அந்தக் காலத்தின் பெரிய வழக்கு. உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்தும் 1927 ஆகஸ்டில் மின்சார நாற்காலியில் அவர்களைக் கொன்றார்கள். மேபலின் கோபத்துக்கு இந்தப் பின்னணி தெரிய வேண்டும். நியாயத்துக்காக எதுவரை போகலாம் என்ற அவளுடைய கேள்விக்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

நான்காவதில் எல்லோரும் நியூயார்க்கை விட்டுப் பல திசையில் சிதறுகிறார்கள். நோட்டுடன் ஒரு அமெரிக்க வரைபடத்தையும் வைத்துக்கொண்டு யார் எங்கே போகிறார்கள் என்று பென்சிலால் கோடு போடுங்கள். 1927இன் மிசிசிப்பி வெள்ளம் இங்கே வருகிறது. நிஜ வெள்ளத்தில் 6 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வீடிழந்தார்கள். கிரீன்வில் ஊரில் கறுப்பினத்தவர்களை மட்டும் கரையின்மேல் முகாமில் நிறுத்திவைத்து, துப்பாக்கிக் காவலோடு கட்டாய வேலை வாங்கினார்கள். வெள்ளை இன மக்களைப் படகில் ஏற்றி அனுப்பிய அதே கரை அது.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். நான்காவது நாவலின் நடுப்பகுதி சிதறலாக இருக்கிறது. ஆட்கள் பிரிந்துவிட்டதால் முதல் மூன்றில் இருந்த அந்தச் சேர்க்கையின் சூடு குறைகிறது. அந்த இடத்தில் தினம் 25 பக்கத்தை 40 ஆக்கிக்கொள்ளுங்கள், கடைசி நூறு பக்கத்தில் மறுபடி மெதுவாகலாம்.

யாருக்குக் கொடுக்கலாம்

பதினான்கு, பதினைந்து வயதுக்கு மேல் என்பது என் எண்ணம். கொடூரமான கொலைகள், நிறவெறி வசவுகள், குடி, மனைவியை அடிக்கும் கணவன், கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் குழுவின் வன்முறை எல்லாம் வெளிப்படையாக வரும். தற்பாலினக் காதலும் வேற்றினக் காதலும் இயல்பாக, மரியாதையோடு வரும். தீட்டாவும் மெம்ஃபிஸும் நெருங்கும் காட்சிகளைப் படிக்கும் பிள்ளைகள், இதில் என்ன தப்பு என்று கேட்பார்கள். வெள்ளை இனத்தவரும் கறுப்பினத்தவரும் மணப்பதைப் பல மாநிலங்கள் குற்றமாக வைத்திருந்தன, உச்ச நீதிமன்றம் 1967இல்தான் அந்தச் சட்டங்களை நீக்கியது என்று சொல்லுங்கள். அதற்கு அப்புறம் அவர்களிடமிருந்து வரும் கேள்விகள் நம் வீட்டையும் தெருவையும் பற்றியதாக இருக்கும். தயாராக இருங்கள், மழுப்பாதீர்கள்.

முடிந்தால் இரண்டு பேராகப் படியுங்கள். ஒரே வேகத்தில் போக வேண்டும் என்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை உட்கார்ந்து அந்த வாரத்து வலப்பக்கங்களை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினால் போதும்.

கடைசி வேலை ஒன்று

நான்காவது முடிந்ததும் முதல் நாவலின் முதல் அத்தியாயத்தை மறுபடி எடுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும். அந்த விருந்து, அந்தப் பலகை, ஊர்மேல் வீசிப்போகும் அந்தக் காற்று. முதல் தடவை அலங்காரமாகப் பட்ட வரிகள் எல்லாம் இப்போது எங்கே போகின்றன என்று தெரியும். எங்கள் நோட்டில் இடப்பக்கத்தின் கடைசி வரியாக அக்கா மகள் 'காற்று' என்று எழுதியிருந்தாள். வலப்பக்கத்தை எழுதாமலே மூடி வைத்துவிட்டோம்.